படுக்கையறைக்கு எட்டாத வைஃபை: என் அனுபவம்

கூடத்தில் தடையின்றி ஓடும் காணொளி, கைப்பேசியோடு படுக்கையறைக்குள் நுழைந்ததும் நின்றுவிடும். இணைய நிறுவனத்தின் மீதுதான் குற்றம் என்று எண்ணி இருமுறை புகார் கொடுத்தேன். பிறகு மடிக்கணினியைக் கேபிள் மூலம் நேரடியாக ரூட்டரில் இணைத்துப் பார்த்தபோது வேகம் முழுமையாகக் கிடைத்ததால், கோளாறு வீட்டுக்குள்தான் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. (இதை முதலிலேயே செய்திருக்கலாம்.)

அருகிலுள்ள வைஃபைகளைக் காட்டும் செயலி ஒன்றில் பார்த்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் என் ரூட்டரும் அண்டை வீட்டு ரூட்டர்கள் ஐந்தும் 6ஆம் சேனலிலேயே (அலைவரிசைக்குள் உள்ள உட்பிரிவு) நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியே உள்ள நிலையில், ஒவ்வோர் இணைப்பும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்வதால், ஒன்றன்மேல் ஒன்று படியாதவையாக 1, 6, 11 ஆகிய மூன்றையே பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். உலாவியில் 192.168.1.1 என்று தட்டி, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனலை 11க்கு மாற்றினேன்.

இரும்பு பீரோவை ஒட்டித் தரையில் கிடந்த ரூட்டரை எடுத்து, தலைக்கு மேல் உயரத்தில் சுவரில் மாட்டினேன். படுக்கையறையில் -82 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) காட்டிய சிக்னல் -63க்கு ஏறியது. ரூட்டரின் மற்றோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் சுவர்களைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. ஆகவே அதைக் கூடத்துத் தொலைக்காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.