உளி தீட்டுவதிலிருந்து தொடங்குங்கள்: மரவேலைக்கு வர விரும்பும் பெண்களுக்கு

பத்தாம் வகுப்பு முடிக்கப்போகும் ஒரு பெண் தச்சுவேலைதான் கற்பேன் என்று வீட்டில் சொன்னால், அதற்கெல்லாம் உடம்பில் பலம் வேண்டாமா என்ற கேள்விதான் முதலில் எழும். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டிலும் அதுவே எழுந்தது. பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் நான் கண்டது, மரத்தை அறுப்பதும் செதுக்குவதும் தோளின் பலத்தைவிடக் கருவியின் கூர்மையையே நம்பியிருக்கின்றன என்பதுதான். ஆகவே முதல் ஆறு மாதங்கள் இயந்திரங்களின் பக்கம் போகாமல் கைக்கருவிகளோடு பழகுங்கள்.

6, 12, 25 மி.மீ. அகலத்தில் மூன்று உளிகள், பொடிப்பல் கைரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), சொரசொரப்பாக ஒன்றும் மென்மையாக ஒன்றுமாக இரண்டு சாணைக்கற்கள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். புதிய உளியை வாங்கியதும் அதன் தட்டையான முதுகைக் கல்லில் படிய வைத்து, முனையை ஒட்டிய ஒரு விரலளவு பகுதி பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சாய்வுப் பக்கத்தை 25 பாகையிலும், பொளி (மூட்டுக்கான துளை) அடிப்பதற்கான உளியானால் 30 பாகையிலும் தீட்ட வேண்டும். முதுகுப் பக்கத்தில் விரலை முனையைத் தாண்டி வெளிப்புறமாக நகர்த்தினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முனையின் முழு அகலத்துக்கும் தட்டுப்படும்வரை நிறுத்தக் கூடாது. பிசிறை மென்மையான கல்லில் நீக்கிய பின், பழைய பேக்கிங் பெட்டியிலிருந்து எடுத்த பைன் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் கைவிசையால் மட்டும் தள்ளிப் பாருங்கள். மழுங்கிய உளி மென்மரத்தின் நாரை நசுக்கிவிடும். கூரான உளி வழுவழுப்பான முகத்தை விட்டுச்செல்லும்.

கற்ற முதல் ஆண்டில் நான் மழுங்கிய உளியை முரட்டுத்தனமாகத் தள்ள, அது வழுக்கி இடது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. இரண்டு கைகளும் எப்போதும் உளிமுனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதை நான் தையல் போட்டுக்கொண்டு கற்றேன். நீங்கள் படித்தே கற்றுக்கொள்ளுங்கள்.

கை பழகிய பிறகு முறையான பயிற்சி தேவை. ஐ.டி.ஐ.களில் கார்பெண்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் சேரலாம். மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயந்திர மரவேலைக்கான பயிற்சி மையமும், பலவகை மரங்களின் மாதிரிகளைக் காணும் காட்சியகமும் உள்ளன. பெங்களூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சென்னபட்டணத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். சுழலும் கடைசல் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் பரவுவதையும், அதைத் தாழை ஓலையால் மெருகேற்றுவதையும், பெண்கள் அங்கே கடைசல் எந்திரத்தில் வேலை செய்வதையும் நேரில் பார்க்கலாம். அம்மாவையும் அழைத்துச் சென்றால் வீட்டில் நடக்கும் பேச்சு பாதி குறையும்.

பட்டறையில் சேருமுன் பெற்றோருடன் போய்ப் பாருங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, வட்டரம்பத்தில் காப்புமூடி பொருத்தப்பட்டிருக்கிறதா, தூசு உறிஞ்சி ஓடுகிறதா என்பதைக் கண்ணால் கண்ட பிறகே பேச்சைத் தொடங்குங்கள். மரத்தூள் மூக்கில் சளியை வரவழைப்பதோடு நின்றுவிடுவதில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது, ஆகவே முகக்கவசத்தைத் தவிர்க்கவே கூடாது. சுழலும் எந்திரத்தின் அருகே துப்பட்டா, வளையல், அவிழ்ந்த பின்னல், கையுறை எதுவும் ஆகாது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணை வட்டரம்பத்தில் தனியாக நிறுத்தும் பட்டறை எவ்வளவு கூலி தந்தாலும் வேண்டாம். பல பட்டறைகளில் கன்னடமும் இந்தியும்தான் புழங்குகின்றன. அளவுகளையும் கருவிப் பெயர்களையும் இரண்டிலும் சொல்லப் பழகினால் மேஸ்திரி உங்களை விரைவில் நம்பத் தொடங்குவார்.

வேலை கேட்டுப் போகும்போது, ஆணியே இல்லாமல் பொளியும் அதில் நுழையும் கழுந்துமாகச் சேர்த்து நீங்களே செய்த ஒரு முக்காலியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அனுபவமுள்ள மேஸ்திரி அதைத் தலைகீழாகத் திருப்பி, மூட்டில் இடைவெளி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.