ஃப்ரீ வாஷ்தானே என்று சாவியைக் கொடுக்கும் முன்

கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாமல் பாலிஷ் போட எங்கள் டீட்டெய்லிங் கடைக்கு (காரைச் சுத்தம் செய்து, பாலிஷும் கோட்டிங்கும் போடும் கடை) வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வண்டியை எங்க கழுவுறீங்க?" என்பதுதான். "வெளியில எங்கயும் விடுறதில்ல சார். சர்வீஸ் விடும்போது கம்பெனிலயே ஃப்ரீயா வாஷ் பண்ணிக் குடுத்துடுவாங்க" என்று பெருமையாகவே சொல்வார்கள். கம்பெனி இடம், கம்பெனி ஆட்கள், அதனால் பத்திரம் என்ற நம்பிக்கை. பானெட் மேல் செல்போன் டார்ச்சைப் பிடித்துக் காட்டியதும் முகம் வாடிவிடும். வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றி, சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரியும்.

வண்டிக்குள் பணம் வைக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். வாரா வாரம் புதுக் கார்க்காரர்கள் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து மனசு பொறுக்காமல் எழுதுவது வேறு சில விஷயங்களை.

தண்ணீரைப் பார்ப்பது, துணியைப் பார்க்காமல் விடுவது

இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கிற தவறு இதுதான். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் தீராத தவறும் இதுதான்.

காரின் தகரத்து மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட் மொத்தமும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். சராசரித் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நீங்கள் பார்த்து ஆசைப்படுகிற பளபளப்பு அதில்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அதுதான்.

ப்ரெஷர் கன்னில் தண்ணீர் அடிப்பதால் நல்ல பெயின்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஃபோம் போட்டாலும் ஆகாது. கெடுவது துடைக்கும்போது. சர்வீஸ் சென்டரில் வண்டி கழுவும் இடமான வாஷிங் பேயில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் புரியும். சக்கரத்தைத் துடைத்த துணி அப்படியே வாளியில் முங்கி எழுந்து பானெட்டுக்கு வரும். சக்கரத்தில் ஒட்டியிருப்பது வெறும் மண் இல்லை. பிரேக் பிடிக்கும்போது பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் உதிர்கிற இரும்புத் துகள். அந்தத் துணி ஒருதரம் கீழே விழுந்தால் தரையில் கிடக்கும் மணலையும் அள்ளிக்கொள்ளும். கையில் வாங்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் பிசுக்கு ஏறி விறைத்திருக்கும், விரலால் தேய்த்தால் நறநறக்கும். அதைத்தான் ஆறு மாதம் பொத்திப் பொத்தி வைத்த வண்டிமேல் அழுத்தி வட்டமாகத் தேய்க்கிறார்கள்.

துடைக்கிற பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வரிசையில் நிற்கிற வண்டியெல்லாம் சாயங்கால டெலிவரிக்குள் முடிய வேண்டும். கொடுத்த துணியில்தான் அவன் துடைக்க முடியும். ஒவ்வொரு வண்டிக்கும் புதுத் துணி, சக்கரத்துக்குத் தனி வாளி என்று யாரும் அவனுக்குக் கொடுப்பதில்லை.

கோடு விழுந்ததோடு நின்றாலும் பரவாயில்லை, அடுத்து நடப்பதுதான் கொடுமை. சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கருப்பு செடான் வைத்திருந்தார். மூன்று சர்வீஸிலும் இலவச வாஷ். ஒருநாள் வெயிலில் நிறுத்தியபோது கோடுகள் கண்ணில் பட்டு, சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டிருக்கிறார். "ரப்பிங் பாலிஷ் போட்டுடலாம் சார், பளிச்னு ஆயிடும்" என்றிருக்கிறார் அவர். பணம் கட்டினார், பளிச்சென்றுதான் ஆனது. நாலைந்து தரம் கழுவியதும் பழைய கோடுகள் திரும்பின. பாலிஷில் இருந்த எண்ணெய்ப் பசை கோடுகளை அடைத்து மறைத்திருந்தது, அவ்வளவுதான். கழுவக் கழுவ அது போய்விட்டது. போதாததற்கு பஃபிங் மெஷின் ஓடிய தடமும் சேர்ந்து, வெயிலில் வானவில் மாதிரி அலையடித்தது.

என்னிடம் வந்தபோது பெயின்டின் மொத்தத் தடிமனை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். பானெட்டின் நடுவில் சரியாகத்தான் இருந்தது. மடிப்பு வருகிற ஓரங்களில் 80 மைக்ரானுக்கும் கீழே போயிருந்தது. மெஷினை ஓரத்தில் அழுத்திப் பிடித்து கிளியர் கோட்டைத் தின்ன வைத்திருக்கிறார்கள். "நல்லா பாலிஷ் போட்டு எடுத்துடுங்கண்ணா, காசு பத்தி இல்ல" என்றார் தம்பி. முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் கிளியர் கோட்டை எடுத்துத்தான் பளபளப்பைத் தருகிறது. போன கிளியர் கோட்டைத் திரும்ப வைக்க முடியாது. அந்தப் பாகத்தையே மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் விற்கப்போகும்போது, "வண்டி இடிச்சதா?" என்ற கேள்வி வரும்.

சரி, அதற்காக எல்லோரும் இலவச வாஷை மறுக்க வேண்டுமா? அப்படியில்லை. வெள்ளை, சில்வர் வண்டிகளில் கோடு விழுந்தாலும் லேசில் தெரியாது. ஓடித் தேய்ந்த வண்டி, டாக்ஸிக்கு ஓடுகிற வண்டி, பெயின்ட் பற்றிக் கவலைப்படாதவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைக் கழுவித் தருவது உண்மையிலேயே நல்ல வேலை. மழைக்காலம் முடிந்ததும், கடற்கரைப் பக்கம் ஓட்டிவிட்டு வந்ததும், அதைக் கேட்டே வாங்குங்கள். கருப்பு, அடர் நீலம், அடர் சிவப்பு என்றால் மேலே கை வைக்கவே விடாதீர்கள். தூசியோடு எடுத்து வந்து நல்ல ஷாம்பு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி வைத்து நீங்களே கழுவிக்கொள்ளலாம்.

"தண்ணி மட்டும் அடிங்க, துடைக்க வேணாம்" என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்கிறார்கள். நல்ல தண்ணீர் வருகிற ஊரில் சரி. சென்னையில் பல இடங்களில் உப்பு போர்வெல் தண்ணீர்தான். அது பெயின்ட் மேல் வெயிலில் காய்ந்தால் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டமாகப் படியும். நாள்பட விட்டால் கிளியர் கோட்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடும்.

வாயால் சொல்லிவிட்டு வருவது

அட்வைசர் வேறு ஆள், வாஷிங் பே வேறு ஆள். நீங்கள் சொன்னது அட்வைசரோடு நின்றுவிடும். செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் "வாஷ் வேண்டாம்" என்று எழுதச் சொல்லி, எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு பேப்பரில் பெரிதாக எழுதி ஸ்டியரிங்கிலும் ஒட்டிவிட்டு வாருங்கள். "சாரி சார், பசங்க தெரியாம கழுவிட்டாங்க" என்பதைக் கேட்காதவர்கள் குறைவு.

கசிவு என்று புகார் சொல்லிவிட்டு வாஷுக்கும் விடுவது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. எஞ்சின் ஆயிலோ கூலன்டோ எங்கே கசிகிறது என்பதற்குத் தடயமே அந்த இடத்தில் பிடித்திருக்கும் ஈரமும் அழுக்கும்தான். சில இடங்களில் வண்டி உள்ளே போனதும் முதல் வேலை அடிப்பாகத்தைக் கழுவுவது. கழுவிய பிறகு மெக்கானிக் பார்த்தால், "லீக் ஒண்ணும் இல்ல சார், டிரையா இருக்கு" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் வாரன்டி முடிய ஒரு மாதம் இருக்கும் வண்டியாக இருந்தால் அந்த ஒரு வார்த்தை உங்களுக்குப் பெரிய நஷ்டம். முதலில் லிஃப்டில் ஏற்றி உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கழுவட்டும்.

எஞ்சின் வாஷ்

வேண்டாம். வயர்களை இணைக்கும் கனெக்டருக்குள் தண்ணீர் போனால் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அடியில் டீசல் அடிப்பது

சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஊறிப்போகும். இலவசமாகக் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஈரத்தோடு டெலிவரி எடுப்பது

கோடு, கீறல் எல்லாவற்றையும் தண்ணீர் நிரப்பி மறைத்துவிடும். சொட்டச் சொட்ட நிற்கும் வண்டி எப்போதும் அழகாகத்தான் தெரியும். அதிலும் இரவு ஏழு மணிக்கு மங்கலான லைட்டில் எடுத்தால் ஒன்றுமே தெரியாது. மறுநாள் காலையில் கதவில் கீறலைப் பார்த்துவிட்டு போன் செய்தால், "கேட் பாஸ்ல ஓகேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்" என்பார்கள். விடும்போது நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். எடுக்கும்போது பகலில் போங்கள். சந்தேகப்படுகிற இடத்தை உங்கள் துணியால் ஒற்றி எடுத்துப் பாருங்கள். வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை லேசாகப் பிரேக் பிடியுங்கள், டிஸ்க் ஈரம் போகட்டும்.

கோட்டிங் போட்டிருக்கிறோம் என்ற தைரியம்

செராமிக் கோட்டிங் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் நிற்காது, அழுக்கு லேசில் ஒட்டாது. மணல் துணிக்கு முன்னால் அது கவசம் இல்லை. பிபிஎஃப் (பெயின்டைக் காக்க மேலே ஒட்டும் ஃபிலிம்) ஒட்டியிருந்தால் ப்ரெஷர் கன்னை ஓரத்துக்கு மிக அருகில் பிடித்தாலே ஃபிலிம் தூக்கிக்கொள்ளும்.

டிரை வாஷ் என்றால் மென்மை என்று நம்புவது

2019 கோடையில் புழல் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் வறண்டு கிடந்தபோது, தண்ணீர் இல்லாமல் கழுவுவது நல்ல விஷயமாகவே எனக்கும் பட்டது. இப்போதும் தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கிற வேலை, லேசான தூசி உள்ள வண்டிக்கு மட்டும்தான் பொருந்தும், அதுவும் நிறைய சுத்தமான துணி இருந்தால். மண் அப்பிய வண்டியில் செய்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கணக்குத்தான். வண்டி மண்ணாக இருக்கிறது என்றால் டிரை வாஷுக்குச் சம்மதிக்காதீர்கள்.

முதல் சர்வீஸில்தான் முதல் வாஷ் என்று நினைப்பது

யார்டில் வெயிலிலும் தூசியிலும் நின்ற புது வண்டியை டெலிவரிக்கு முன் கழுவித் துடைத்து, சிவப்பு ரிப்பன் கட்டித்தான் உங்களிடம் கொடுக்கிறார்கள். பதிவு எண் வருவதற்குள்ளேயே கோடு விழுந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அடர் நிற வண்டி புக் செய்கிறவர்கள், பாக்கிப் பணம் கட்டும்போதே சேல்ஸ் ஆளிடம் சொல்லிவிடுங்கள்: "டெலிவரிக்கு வாஷ் வேணாம், பாலிஷ் வேணாம், பிளாஸ்டிக் கவரையும் பிரிக்க வேணாம், தூசியோடயே குடுங்க." போட்டோவுக்கு நன்றாக இருக்காதே என்று சேல்ஸ் ஆள் தயங்குவார். வாட்ஸ்அப்பிலும் ஒரு மெசேஜ் போட்டு, அவரிடமிருந்து பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.