பழைய காருக்குள் பிசுபிசுப்பா? துடைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கதவுப் பிடியைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. பவர் விண்டோ சுவிட்ச்சில் நகம் பட்டால் கறுப்பாகச் சுரண்டிக்கொண்டு வருகிறது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் இதைப் பார்த்ததும் அழுக்கு என்று முடிவுகட்டிவிடுகிறோம். மற்ற தவறுகளெல்லாம் இந்த முடிவிலிருந்துதான் கிளம்புகின்றன.

கை எண்ணெய், வேர்வை, தூசி எல்லாம் சேர்ந்த பிசுக்கு ஒரு வகை. பிளாஸ்டிக் மேல் பூசிய பூச்சே இளகிப்போவது வேறு வகை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து பல கார்களில், குறிப்பாக ஐரோப்பியக் கார்களில், கெட்டியான பிளாஸ்டிக் மேல் தொட்டால் மெத்தென்றிருக்க பாலியூரிதேன் பூச்சு கொடுத்தார்கள். காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைக்கும். வெயில் சூடு அதை இன்னும் விரைவாக்கும். ஃபெராரி 360-இன் பட்டன்களுக்கே இந்தக் கதிதான், அதனால் உங்கள் பராமரிப்பை நொந்துகொள்ள வேண்டாம்.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து, கண்ணில் படாத ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பாக அழுக்கு வந்து, காய்ந்ததும் ஒட்டாமல் இருந்தால் வெறும் பிசுக்கு. அந்தத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும், வேறெதுவும் வாங்க வேண்டாம். காய்ந்தபின்னும் ஒட்டினால், அல்லது தார் போல இழைந்து வந்தால், பூச்சு போய்விட்டது. எவ்வளவு சோப்பு போட்டாலும் அது திரும்பாது. உரித்து எடுப்பதுதான் வழி.

உரிப்பது என்றதும் பெயின்ட் கடைக்குப் போய்த் தின்னர் வாங்கிவிடாதீர்கள். பூச்சுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வகை பிளாஸ்டிக். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோனும் அதையே கரைத்துவிடும். பூச்சு போனதும் பளபளவென்று தெரியும், கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வெளுத்துக் குழம்பியிருக்கும். அதற்குப் பிறகு பாகத்தை மாற்ற வேண்டியதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். துணியை நனைத்துப் பூச்சின் மேல் சில நிமிடம் போட்டு வைத்து, பிறகு தேய்த்தால் உருண்டு உருண்டு வரும். கை வலிக்கும் வேலைதான், அவசரப்பட்டு ஸ்காட்ச் பிரைட்டைத் தொட்டால் கீறல் விழும். கையுறை போட்டுக்கொண்டு, கதவுகளைத் திறந்துவைத்து, நிழலில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஆல்கஹால் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஹேண்ட் சானிடைசரிலும் அதுதானே இருக்கிறது என்று அதை எடுக்காதீர்கள்; அதில் சேர்க்கும் கிளிசரினே ஒட்டும்.

அதே துணியோடு மீட்டர் கண்ணாடி பக்கம் போகாதீர்கள். அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் ஆல்கஹால் பட்டு மயிரிழை போல வெடிப்பு விடும். தோல் சுற்றிய ஸ்டீயரிங்குக்கும் ஆகாது, நிறம் துணியோடு வந்துவிடும்.

பட்டன்களில் பலர் ஏமாறுவார்கள். இரவில் ஒளிரும் பட்டனில் ஏசி, விளக்குப் படங்கள் தனியாக ஒட்டியவை அல்ல. அடியில் ஒளி ஊடுருவும் வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே கறுப்புப் பூச்சு, அந்தக் கறுப்பைப் படத்தின் வடிவில் லேசரால் செதுக்கியிருப்பார்கள். பூச்சை உரித்தால் படமும் போகும், இரவில் பட்டன் முழுக்க வெள்ளையாக எரியும். படம் போட்ட பட்டனை மட்டும் தொடாமல் விடுங்கள், அல்லது மாற்றுப் பட்டன் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

எதையும் சுவிட்ச் மேல் நேராக ஸ்பிரே செய்யாதீர்கள், துணியில் அடித்துத் துடையுங்கள். ஒட்டலை மறைக்க டால்கம் பவுடர் போட்டால் அது இடுக்குகளில் கட்டியாகும். சிலிக்கான் டேஷ்போர்டு பாலிஷ் நாலு நாள் மினுக்கிவிட்டு, இன்னும் தூசியைப் பிடிக்கும்; வெயிலில் முன்கண்ணாடியில் பளிச்சென்று பிரதிபலிக்கவும் செய்யும்.

ஏர்பேக் மூடியை மட்டும் விதிவிலக்காக வையுங்கள். பிழிந்த சோப்புத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். அதை உரிக்கவோ, பெயின்ட் அடிக்கவோ, நெம்பிக் கழற்றவோ வேண்டாம்.