மீள் வினையில் கிளர்வு ஆற்றல்: மதிப்பெண் பறிபோகும் இடங்கள்

ஹைட்ரஜனும் அயோடின் ஆவியும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு ஆகும் வினையை 1890களில் மாக்ஸ் போடன்ஸ்டைன் விரிவாக ஆராய்ந்தார். இரு திசையிலும் நடக்கும் மீள் வினைக்கு இன்றும் இதைவிட வசதியான உதாரணம் கிடையாது. வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடைதான் கிளர்வு ஆற்றல். ஹைட்ரஜன் அயோடைடு உருவாகும் முன்னோக்கு வினைக்கு அது மோலுக்கு ஏறத்தாழ 171 கிலோஜூல், அது மீண்டும் பிரியும் பின்னோக்கு வினைக்கு 184. இடையிலுள்ள 13 கிலோஜூல்தான் முன்னோக்கு வினை வெளிவிடும் வெப்பம்.

முதல் சறுக்கல் குறியில். பின்னோக்குக் கிளர்வு ஆற்றலைக் காண, முன்னோக்கின் மதிப்பிலிருந்து என்தால்பி மாற்றத்தை (வினை கொள்ளும் அல்லது உமிழும் வெப்பம்; உமிழ்ந்தால் எதிர்க்குறி) கழிக்க வேண்டும். அது இங்கே −13 என்பதால் கழித்தல் கூட்டலாகிவிடும். குறியை விட்டுவிட்டு 158 என்று எழுதுபவர்கள் ஏராளம். விடைத்தாளின் ஓரத்தில் ஆற்றல் வரைபடத்தைக் கிறுக்கிப் பாருங்கள்: வெப்பத்தை உமிழ்ந்து கீழே இறங்கிய விளைபொருள், அதே உச்சியைத் தொட இன்னும் அதிகம் ஏறியாக வேண்டும்.

அடுத்தது, லீ சாட்லியர் தத்துவத்தை (இரு திசை வேகங்களும் சமமான சமநிலையைக் குலைத்தால், அது குலைவை எதிர்க்கும் பக்கம் நகரும் என்பது) மனப்பாடம் செய்ததால் வருவது. "சூடேற்றினால் வெப்பங்கொள் வினை வேகமாகும், வெப்ப உமிழ் வினை மெதுவாகும்" என்பார்கள். பின்பாதி தவறு. இரண்டுமே வேகமாகும்; கிளர்வு ஆற்றல் கூடுதலாக உள்ள பக்கம் கூடுதலாக வேகம் பிடிக்கும். மேலே சொன்ன வினையை 700 கெல்வினிலிருந்து 710க்குக் கொண்டுபோவதாக வெப்பநிலையோடு வேகம் மாறுவதைச் சொல்லும் அர்ஹீனியஸ் சமன்பாட்டில் போட்டால், முன்னோக்கு வேக மாறிலி (செறிவு நீங்கலாக வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) சுமார் 1.51 மடங்காகிறது, பின்னோக்கு 1.56 மடங்காகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் சமநிலை பின்னோக்கி நகர்கிறது. (பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் என்ற விதி இங்கே பலிக்கவில்லை, கவனித்தீர்களா? அறை வெப்பநிலையில், 50 கிலோஜூலை ஒட்டிய வினைகளுக்கே அது பொருந்தும்.)

எத்தனை முறை திருத்தினாலும் போகாத தவறு ஒன்று உண்டு: நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையில் இரும்பு வினையூக்கி சமநிலையை அம்மோனியா பக்கம் தள்ளுகிறது என்பது. வினையூக்கி காட்டும் தாழ்வான பாதை இரு திசைக்கும் பொது. எனவே இரு கிளர்வு ஆற்றல்களும் ஒரே அளவு குறைகின்றன, இரு வேக மாறிலிகளும் ஒரே மடங்கு பெருகுகின்றன, அவற்றின் விகிதமான சமநிலை மாறிலி அசைவதில்லை. பிறகு இரும்பு எதற்கு? அது இல்லாவிட்டால் போதிய வேகம் பெற மிக அதிகமாகச் சூடேற்ற வேண்டும். இதுவும் வெப்ப உமிழ் வினை என்பதால், அந்தச் சூட்டில் சமநிலையில் அம்மோனியா அற்பமாகவே மிஞ்சும். இரும்பு இருப்பதால் 400–450 டிகிரி செல்சியஸிலேயே வேலை நடக்கிறது.

சமநிலையில் சமமாக இருப்பவை வேகங்கள். வேக மாறிலிகள் அல்ல.

கணக்கை முடித்ததும் ஒரு சோதனை. டைநைட்ரஜன் டெட்ராக்சைடு பிரிய சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இப்படி வெப்பம் கொள்ளும் ஒற்றைப் படி வினைக்கு, கிளர்வு ஆற்றலின் விடை, வினை கொள்ளும் வெப்பத்தைவிடக் குறைவாக வந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது.