முதல் கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும் சிறிய ரிமோட் ஹெலிகாப்டரை வீட்டுக் கூடத்தில் சில வாரங்கள் ஓட்டிப் பழகியவருக்கு, அடுத்த கட்டமான, பிளேடுகளின் கோணத்தையே மாற்றி ஏறி இறங்கும் கலெக்டிவ் பிட்ச் வகைக்குப் போகலாம் என்ற ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் அப்போது அவசரப்பட்டு வாங்கும் ஹெலிகாப்டர்தான் பலரை இந்தப் பொழுதுபோக்கிலிருந்தே விரட்டிவிடுகிறது. பெரும்பாலானோர் ஒரு ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்பதை வீடியோவில் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள். தொடக்க மாதங்களில் அது பறப்பதைவிட விழுவதே அதிகமாக இருக்கும் என்பதால், விழுந்தால் எது உடையும், உடைந்த பாகம் எங்கே கிடைக்கும், அதை மாற்றத் தனக்குத் தெரியுமா என்ற கேள்விகளே முதலில் எழ வேண்டும்.

முதல் தவறு, இதுவரை பெற்ற பழக்கத்தை மிகையாக மதிப்பிடுவது. இரட்டை ரோட்டர் ஹெலிகாப்டரில் ஒரு ரோட்டரின் எதிர்முறுக்கை, அதாவது அது சுழலும்போது உடலை எதிர்த்திசையில் திருப்பும் விசையை, மற்றொன்று சமன்செய்துவிடுகிறது. மேலே சுழலும் எடைத்தண்டு அதன் ஆட்டத்தைத் தானே அடக்கிவிடுகிறது. ஏறக்குறையக் கையை எடுத்துவிட்டாலும் அது நின்ற இடத்திலேயே மிதக்கும். ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டரில் அந்தச் சலுகை கிடையாது. எதிர்முறுக்கைத் தடுக்கும் வால் ரோட்டரே உடலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும் என்பதால், ஓரிடத்தில் மிதப்பதற்கே இடைவிடாத சிறுசிறு திருத்தங்கள் தேவைப்படுகின்றன. ஜிபிஎஸ் உதவியுடன் நிலைத்து நிற்கும் டிரோனை ஓட்டியவர்களும் இதே இடத்தில் ஏமாறுகிறார்கள். ஸ்டிக்கை விட்டவுடன் நின்றுவிடும் ஒன்றை ஓட்டிய அனுபவம், விட்டவுடன் நகரத் தொடங்கும் ஒன்றுக்கு அதிகம் உதவாது.

அடுத்து, சேனல்களின், அதாவது ரிமோட்டிலிருந்து தனித்தனியாகக் கொடுக்கக்கூடிய கட்டளைகளின், எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவது. மூன்று சேனல் பொம்மையில் ஏற்றம், திருப்பம், முன்பின் நகர்வு ஆகியவை மட்டுமே உண்டு, பக்கவாட்டில் சாயாது. நான்கு சேனலில் பக்கவாட்டு அசைவும் சேர்ந்துவிடுவதால், உண்மையான ஹெலிகாப்டரின் எல்லா அசைவுகளும் கைக்கு வந்துவிடுகின்றன. ஆறு சேனல் என்று பெட்டியில் எழுதியிருந்தால் இன்னும் இரண்டு அசைவுகள் கூடுதலாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே மாறுவது ஏற்றத்தின் அடிப்படையே. நான்கு சேனல் வகையில் ரோட்டர் பிளேடின் கோணம் மாறாது. இதை ஃபிக்ஸட் பிட்ச் என்பார்கள். மேலே போக ரோட்டர் வேகமாகச் சுழல வேண்டும், இறங்க மெதுவாகச் சுழல வேண்டும்; மோட்டார் வேகம் கூடிக் குறையச் சற்று நேரம் எடுப்பதால், காற்று ஒருமுறை தூக்கிவிட்டால் இறக்குவதற்குள் ஹெலிகாப்டர் எங்கோ போயிருக்கும். கலெக்டிவ் பிட்ச் வகையில் ரோட்டர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டேயிருக்க, பிளேடுகளின் கோணம்தான் மாறுகிறது. அந்தக் கோணம் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும் என்பதால்தான் தலைகீழாகவும் பறக்க முடிகிறது, காற்றை எதிர்த்து ஹெலிகாப்டரைக் கீழே அழுத்திப் பிடிக்கவும் முடிகிறது.

இதில் புதியவரை உடனே தண்டிக்கும் ஓர் இடம் உண்டு. ஃபிக்ஸட் பிட்ச் ஹெலிகாப்டர் தடுமாறினால் ஏற்ற இறக்கத்துக்கான த்ராட்டில் ஸ்டிக்கைச் சட்டென்று கீழே இழுப்பது கைக்குப் பழக்கமாகியிருக்கும். கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டர் ஐடில்-அப் முறையில் (ஸ்டிக்கைக் கீழே இழுத்தாலும் மோட்டார் சுழன்றுகொண்டேயிருக்கும் அமைப்பு) இருக்கும்போது அதையே செய்தால் மோட்டார் அடங்காது. பிளேடுகள் எதிர்க்கோணத்துக்குத் திரும்பி, முழுச் சுழற்சியோடு ஹெலிகாப்டரைத் தரையில் அறைந்துவிடும். அங்கே செய்ய வேண்டியது த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்துவதுதான். விரல் தேடாமலே அந்த சுவிட்சைச் சென்றடையும் வரை இந்த வகை ஹெலிகாப்டரை நிஜத்தில் பறக்கவிடக் கூடாது.

அப்படியானால் எதை வாங்குவது? என் கருத்தில் இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, டபிள்யூஎல்டாய்ஸ் வி911 போன்ற உள்ளங்கையளவு நான்கு சேனல் ஃபிக்ஸட் பிட்ச் ஹெலிகாப்டரில் திசையுணர்வைப் பழகிவிட்டுப் பிறகு மேலே செல்வது. மற்றொன்று, எக்ஸ்கே கே110 போல, தானாகவே சமநிலைக்குத் திரும்பும் முறையும் அந்த உதவி இல்லாத முறையும் ஒரே சுவிட்சில் அமைந்த சிறிய கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டரை நேரடியாக வாங்குவது. தவிர்க்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: பெரிய உடலும் ஃபிக்ஸட் பிட்ச்சும் கொண்ட ஹெலிகாப்டர். அது விழுந்தால் உடையும் அளவுக்குக் கனமானது, காற்றில் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மந்தமானது. விலைக்கு மிகப் பெரியதாகத் தெரிவதால்தான் அது விற்கிறது.

அளவைப் பற்றிய அறிவுரையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய ஹெலிகாப்டர் நிதானமாக மிதக்கும், தூரத்திலும் தெளிவாகத் தெரியும் என்று அனுபவசாலிகள் சொல்வது முழு உண்மை. ஆனால் அது பறத்தலைப் பற்றிய உண்மை, விழுதலைப் பற்றியதல்ல. அலைன் நிறுவனத்தின் டி-ரெக்ஸ் 450 பிரபலமாக்கிய 450 என்ற அளவு வகையை எடுத்துக்கொள்வோம். அதன் பிளேடு ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர் நீளம். ரோட்டரின் விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்துக் கணக்கிட்டால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர் வருகிறது. கையில் பட்டால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்குத் திறந்தவெளியும், ஓட்டுபவரிடமிருந்து போதிய தூரமும், சுற்றிலும் ஆளில்லாத நிலையும் கட்டாயம். இதைவிடப் பெரிய 600, 700 வகைகள் முதல் தேர்வாக இருக்கவே கூடாது. எடை குறைந்த சிறிய ஹெலிகாப்டரோ புல்தரையில் விழுந்தால் பல நேரங்களில் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பறக்கவிடலாம்.

450 வகை ஒன்று மிதந்துகொண்டிருக்கும்போது சற்றே சாய்ந்து பிளேடு தரையைத் தொட்டால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிளேடுகள் உடையும், அது கண்ணுக்குத் தெரியும். பிளேடு பிடிகளுக்குள் குறுக்கே ஓடும் மெல்லிய எஃகுத் தண்டு வளைந்திருக்கும்; அது தெரியாது. பெரிய பிளாஸ்டிக் கியரில் இரண்டு மூன்று பற்கள் மழுங்கியிருக்கும், பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்களான சர்வோக்களில் ஏதாவது ஒன்றின் உள்ளே கியர் பல் போயிருக்கும், திரும்பிவந்த பிளேடு வால் குழாயில் பள்ளம் போட்டிருக்கும். புதியவர் பிளேடுகளை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்கவிடுகிறார், ஹெலிகாப்டர் நடுங்குகிறது, அந்த நடுக்கம், திருப்பத்தை உணர்ந்து வாலைத் திருத்தும் கைரோ என்ற கருவியைக் குழப்ப, வால் தன்னிச்சையாக ஆடத் தொடங்குகிறது, அடுத்த விழுதல் அங்கேயே தயாராகிவிடுகிறது. விழுந்த ஒவ்வொரு முறையும் ரோட்டரைச் சுழற்றும் பிரதானத் தண்டையும் அந்தக் குறுக்குத் தண்டையும் கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பார்க்க வேண்டும். நேராக இருந்தால் சீராக உருளும். மயிரிழை வளைந்திருந்தாலும் அடியில் ஒளிக்கீற்று தோன்றித் தோன்றி மறையும். இந்தச் சிறு தண்டு, கியர், பிளேடு ஆகிய மூன்றும் தனித்தனியாக விற்பனைக்குக் கிடைக்காத மாடலை, அது எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், வாங்கக் கூடாது. வாங்கும் அன்றே ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

கையில் பிடித்து இயக்கும் ரிமோட்டான டிரான்ஸ்மிட்டரைக் கடைசியில் யோசிப்பது இன்னொரு பொதுவான தவறு. பெட்டியோடு வரும் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பயன்படும். கணினியில் ஓட்டிப் பழக உதவும் சிமுலேட்டரில் இணைக்க முடியாமலும், ஸ்டிக்கின் ஒவ்வொரு நிலைக்கும் பிளேடு கோணமும் மோட்டார் வேகமும் எவ்வளவு என்பதை வகுக்கும் பிட்ச், த்ராட்டில் வளைவுகளை மாற்ற வழியில்லாமலும் இருக்கும். ஹெலிகாப்டர் உடையும், விற்கப்படும், மாறும்; நல்ல டிரான்ஸ்மிட்டர் பல ஆண்டுகள் கூடவே வரும். ஆகவே பணத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குவது புத்திசாலித்தனம். எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் எதுவும் எதனுடனும் சேரும் என்று எண்ணிவிடக் கூடாது: ஸ்பெக்ட்ரம் நிறுவனம் பயன்படுத்தும் டிஎஸ்எம்எக்ஸ் என்ற ரேடியோ முறையும் ஃபுடாபா நிறுவனத்தின் முறைகளும் ஒன்றுக்கொன்று புரியாதவை. மோட் 1, மோட் 2 என்ற வேறுபாட்டையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மோட் 2-இல் த்ராட்டில் இடக்கையில் இருக்கும், மோட் 1-இல் வலக்கையில். உடன் பறக்கவிடுபவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே தேர்ந்தால், தடுமாறும் நேரத்தில் ஒருவர் வாங்கிச் சமாளித்துக் கொடுக்க முடியும். பழகிய பிறகு மாற்றுவது வலக்கையில் எழுதியவர் இடக்கையால் எழுதத் தொடங்குவது போன்றதாகிவிடும்.

சிமுலேட்டரை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் பிறகு உதிரிபாகங்களுக்கு அதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள். ரியல்ஃபிளைட், ஹெலி-எக்ஸ், ஆக்குஆர்சி போன்றவற்றில் ஒன்றை நிறுவி, நிஜத்தில் பயன்படுத்தப்போகும் அதே டிரான்ஸ்மிட்டரை இணைத்துப் பழக வேண்டும். வால் தன் பக்கம் இருக்கும்படி மிதக்கவைப்பது விரைவில் வந்துவிடும்; மூக்கு தன்னைப் பார்த்துத் திரும்பியவுடன் இடமும் வலமும் மாறிப்போவதுதான் உண்மையான தடை. ஹெலிகாப்டர் வலப்பக்கம் நகர்கிறது, கை இடப்பக்கம் திருத்துகிறது, அது இன்னும் வேகமாக வலப்பக்கமே ஓடுகிறது. இந்தக் குழப்பம் தீர்வதற்குத் திரையில் எத்தனை முறை விழுந்தாலும் எதுவும் உடைவதில்லை. ஹெலிகாப்டரை வாங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம்; தொடங்கவும் வேண்டும்.

பேட்டரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. முழுத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே இறங்கும்படி டிரான்ஸ்மிட்டரில் டைமர் வைக்க வேண்டும். பல நாள் எடுத்துவைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பது சரி. செல்களைச் சமன்படுத்தும் சார்ஜர் இல்லாமலும், சார்ஜ் ஆகும்போது அருகில் ஆள் இல்லாமலும் இருப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

உண்மையான ராணுவ ஹெலிகாப்டரைப் போன்ற அழகிய கூடு போட்ட மாடல்களும், பளபளக்கும் அலுமினிய ரோட்டர் தலைகளும் இந்தக் கட்டத்தில் வீண் செலவு. கூடு எடையைக் கூட்டும், முதல் விழுதலிலேயே நொறுங்கும். பிளாஸ்டிக் பாகம் தான் உடைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் இடத்தில், உலோகப் பாகம் தான் பிழைத்து அதைத் தண்டுக்கும் சர்வோவுக்கும் கடத்திவிடும்.

பறக்கத் தயார் என்று எழுதியிருப்பதை நம்பிப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பறக்கவிடுவதும், ஒருவர் பயன்படுத்தியதைச் சோதிக்காமல் வாங்குவதும் ஏறக்குறைய ஒரே தவறுதான். உலோகத்தில் உலோகம் முறுகும் திருகுகளைக் கழற்றிப் பார்த்து, திருகுப் பசை இல்லையென்றால் ஒரு துளி இட்டு முறுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் முறுகும் திருகுகளுக்கு அந்தப் பசை ஆகாது. அடுத்து மோட்டார் கம்பிகளைப் பிரித்துவிட்டு, பேட்டரியை இணைத்து, ஹெலிகாப்டரைக் கையில் பிடித்து மூக்கை முன்பக்கமாகச் சாய்க்க வேண்டும். ரோட்டர் தண்டைச் சுற்றியுள்ள, பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ் தட்டு அதற்கு எதிராகப் பின்பக்கம் சாய வேண்டும். உடலை வலப்பக்கம் சாய்த்தால் தட்டு இடப்பக்கம் சாய வேண்டும். மூக்கை இடப்பக்கம் திருப்பினால், டிரான்ஸ்மிட்டரில் வலப்பக்கம் திருப்பக் கட்டளையிட்டால் வால் ரோட்டர் பிளேடுகள் எப்படி நகருமோ, அதே திசையில் அவை தாமாக நகர வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று தலைகீழாக இருந்தால், தரையை விட்டு எழுந்த நொடியிலேயே ஹெலிகாப்டர் புரண்டுவிடும், அல்லது பம்பரமாகச் சுற்றத் தொடங்கும். எவ்வளவு தேர்ந்த கையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. விற்பவர் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லையென்றால் வேறு ஹெலிகாப்டரைப் பார்க்கலாம்.