சிசரோவா, கிக்கெரோவா? லத்தீன் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லத்தீன் கற்கத் தொடங்குபவர்கள் முதலில் செய்யும் தவறு, அதை ஆங்கிலம் போல வாசிப்பது. நாம் சிசரோ என்று சொல்லும் பேச்சாளரை அவர் காலத்து ரோமர்கள் கிக்கெரோ என்றே அழைத்தார்கள். கிரேக்கர்களும் அவர் பெயரைக் ககர ஒலிக்குரிய கப்பா எழுத்தால்தான் எழுதினார்கள். சீசரும் கைசர்தான். ஜெர்மன் மொழியில் பேரரசரைக் குறிக்கும் கைசர் என்ற சொல் அந்தப் பழைய ஒலியைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

சரி, சகரம் எப்படி வந்தது? இ, எ ஆகியவற்றுக்கு முன்னால் நின்ற ககரம் பிற்காலத்தில் நெகிழ்ந்தது. நமக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. நூறைக் குறித்த கெந்தும் இத்தாலியில் சென்தோ ஆனது. சார்தீனியத் தீவின் சில வட்டாரங்களில் மட்டும் இன்றும் கெந்து.

அதற்காக, சகரத்தோடு ஒலிக்கும் தேவாலய லத்தீன் உச்சரிப்பைப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது இத்தாலிய நாவில் வளர்ந்த தனி மரபு. நம் ஊர் கத்தோலிக்கக் கோயில்களிலும் 1960கள் வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. அந்த ஒலியைச் சீசரின் வாயில் வைப்பதுதான் தவறு.

என்னை அதிகம் வருத்துவது குறில் நெடிலை அலட்சியம் செய்வது. தமிழர்களுக்கு இயல்பாக வரக்கூடியது இது! ஒஸ் என்றால் எலும்பு, ஓஸ் என்றால் வாய். ஆப்பிரிக்காவில் இந்த வேறுபாடு மக்கள் காதில் விழுவதில்லை என்று புனித அகுஸ்தீன் எழுதியிருக்கிறார்.

லத்தீன் இலக்கணம் மாறியதிலும் இந்தக் குறில் நெடில் வேறுபாடு மறைந்ததற்குப் பங்கு உண்டு. ரோஜாவைக் குறிக்கும் சொல்லில் ரோஸ என்பது எழுவாய், ரோஸா ஐந்தாம் வேற்றுமை வகை, ரோஸம் இரண்டாம் வேற்றுமை. நெடில் குறுகி, இறுதி மகரமும் உதிர்ந்தபின் மூன்றும் ஒன்றுபோல ஒலித்தன. பெயருக்கு முன்னால் வரும் உறவுச்சொற்கள் வேற்றுமையின் வேலையை மேலும் மேலும் ஏற்றன. படையெடுத்து வந்தவர்கள் இலக்கணத்தைக் கெடுத்தார்கள் என்ற கதையை நம்பாதீர்கள். மாற்றம் ரோமர்களின் அன்றாடப் பேச்சிலேயே தொடங்கிவிட்டது.

சான்று வேண்டுமா? புரோபுஸ் பின்னிணைப்பு என்ற பழைய பிழைதிருத்தப் பட்டியலைப் பாருங்கள். "காதை அவுரிஸ் என்று சொல், ஒரிக்ல என்று சொல்லாதே" என்கிறது அது. இத்தாலியின் ஒரெக்கியோ, ஸ்பானியத்தின் ஒரேஹா, பிரெஞ்சின் ஒரேய் எல்லாமே அந்த ஒரிக்லவின் பிள்ளைகள்.