திண்மம், திரவம், வாயு: சோதனை செய்து காட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

"கெட்டியாக இருந்தால் திண்மம், ஓடினால் திரவம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பஞ்சையும் மணலையும் கண்டதும் குழந்தை குழம்பிவிடும். பஞ்சு கெட்டியாக இல்லை; மணலோ தண்ணீர் மாதிரியே கொட்டுகிறது. குழந்தையின் சந்தேகம் நியாயமானது, நாம் அவசரப்பட்டுச் சொன்ன வரையறையில்தான் கோளாறு. ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து ஒரே ஒரு மணல் துகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கிண்ணத்தில் போட்டாலும் அந்தத் துகள் தன் வடிவத்தை விடாது. பெயர்கள் அப்புறம் வரட்டும்.

நீராவி விஷயத்தில் பெரியவர்களுக்கே தடுமாற்றம் உண்டு. கொதிக்கும் கெட்டிலுக்கு மேலே வெள்ளையாக எழுவதைக் காட்டி "இதுதான் வாயு" என்கிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீரான நுண்துளிகள். கெட்டிலின் மூக்குக்கும் அந்த வெண்மைக்கும் நடுவே கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கும். நீராவி இருப்பது அங்கேதான். அந்த இடைவெளியைக் காட்டுங்கள், ஆனால் குழந்தை எட்ட நின்றே பார்க்கட்டும். ஆவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும்.

குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும்போது, "உள்ளே இருந்து கசியுது" என்று குழந்தை சொல்லும். உடனே திருத்தாதீர்கள். இது கையில் கிடைத்த நல்ல சந்தர்ப்பம். சரி, கசிகிறதா என்று பார்த்துவிடுவோம் என்று, தண்ணீரில் சிவப்பு நிறம் கலந்து ஐஸ் போடுங்கள். வெளியே கோத்த நீரை வெள்ளைத் துணியால் குழந்தையே துடைக்கட்டும். துணியில் சிவப்பு இருக்காது. அடுத்து, டம்ளரை மூடி, எடை காட்டும் மின்னணுத் தராசில் வையுங்கள். காற்றில் ஈரம் நன்றாக இருந்தால், எண் மெல்ல ஏறும். உள்ளே எதையும் ஊற்றவில்லையே, எடை எங்கிருந்து வந்தது? பதிலை நீங்கள் சொல்லாமல் ஒரு நாள் காத்திருந்தாலும் தப்பில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். தண்ணீரில் போட்ட சர்க்கரை உருகுவதில்லை, கரைகிறது. சூடு பட்டு வெண்ணெய் உருகுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்டினால் போதும்.

சோடா உப்பும் வினிகரும் கலந்து பலூன் ஊதவைப்பது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அது நிலைமாற்றம் அல்ல, அதாவது ஒரே பொருள் திண்மம், திரவம், வாயு என்று மாறுவது அல்ல. வேதிவினையில் கார்பன் டை ஆக்சைடு புதிதாக உண்டாகிறது. வாயுவும் இடத்தை அடைக்கும் என்று காட்ட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். சோளமாவை (கார்ன்ஃப்ளார்) கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்த கூழ், அடித்தால் இறுகும், விட்டால் வழியும். அதை முதல் நாளே கொண்டுவந்தால் கற்றதெல்லாம் குழம்பும், கடைசிக்கு வையுங்கள்.

பாதுகாப்பில் இரண்டு விஷயம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும், அதனால் கண்ணாடிப் பாட்டிலை நிரப்பி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உலர்பனிக்கட்டியின் (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். சின்னக் குழந்தைகள் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

கணிக்க வாய்ப்பு தராமல் செய்துகாட்டுவதைத்தான் நான் பெரிய தவறாக நினைக்கிறேன். ஒரே அளவு ஐஸ் கட்டிகள் இரண்டு எடுங்கள். ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றுங்கள், மற்றதைத் தட்டில் சும்மா வையுங்கள். எது முதலில் உருகும் என்று கேளுங்கள். கம்பளி சூடாக்கும், அதனால் அதுதான் என்று பல குழந்தைகள் அடித்துச் சொல்வார்கள். தட்டில் இருப்பது பாதிக்கு மேல் தண்ணீரானதும், துணியை அவர்களே பிரிக்கட்டும்.